எந்த மலையில் ஏறுவது? ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் புதிய ஹாம்களுக்கு

ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலி, உரிமம் வந்துவிட்டது, முதல் ரேடியோவும் வாங்கியாயிற்று. வீட்டுக்குள் நின்று அழைத்தால், சைகையை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரைத் தவிர யாரும் பதில் சொல்வதில்லை. அதே ஐந்து வாட் ரேடியோவை ஒரு மலைக்கு எடுத்துப் போனால், நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் பேசுகிறார். இதை ஒருமுறை அனுபவித்தவர் அப்புறம் எங்கே கிளம்பினாலும் பையில் ஒரு பேட்டரி இருக்கும்.

ஆனால் எந்த மலை என்பதில்தான் பலர் முதல் தடவை சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். வரைபடத்தில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான உச்சி எது என்று பார்த்து, மூன்று மணி நேரம் ஏறிப் போனேன். மேலே ஒலிபரப்புக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. என் கையடக்க ரேடியோ ஊமையாகிவிட்டது. ஒரு மணி நேரம் கத்திவிட்டு, வெறுத்துப்போய் இறங்கினேன். பாதி வழியில், கோபுரங்கள் பாறைக்குப் பின்னால் மறைந்த ஒரு திருப்பத்தில் இளைப்பாற உட்கார்ந்தபோது சும்மா ஒரு அழைப்பு விட்டேன். அரை மணி நேரத்தில் ஏழு பேர் கிடைத்தார்கள். உச்சியைவிட 300 மீட்டர் தாழ்ந்த இடம் அது. மலை எவ்வளவு உயரம் என்பதைவிட, அது எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் மேல் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்பவைதான் கணக்கு என்று அன்றைக்குப் புரிந்தது.

முதலில்: யாரோடு பேசப் போகிறீர்கள்?

வரைபடத்தைத் திறப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது வி.எச்.எஃப்.பில், எஃப்.எம். முறையில் பேசுவது ஒரு வகை. 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸில் எச்.எஃப்., அதாவது சிற்றலையில் பேசுவது வேறு வகை. இரண்டுக்கும் ஒரே மலை பொருந்த வேண்டும் என்பதில்லை.

வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய பார்வைக் கோட்டில் போகிறது. காற்று மண்டலம் அதைச் சற்றே வளைப்பதால், கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிடக் கொஞ்சம் தள்ளியே அதன் எல்லை இருக்கும். மனக்கணக்குக்கு ஒரு சூத்திரம்: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வானொலித் தொடுவானம் கிடைக்கும். சமவெளியில் ரேடியோவை இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்திருப்பவருக்கு இது ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. 100 மீட்டர் குன்றில் 41 கிலோமீட்டர். 400 மீட்டர் மலையில் 82. எதிரில் இருப்பவரும் உயரத்தில் இருந்தால் அவருடைய தொடுவானத்தையும் கூட்டிக்கொள்ளலாம். அதனால்தான் இரண்டு மலைகளில் இருப்பவர்கள் மிகக் குறைந்த சக்தியிலும் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயரம் நான்கு மடங்கானால்தான் தூரம் இரண்டு மடங்காகிறது. 100 மீட்டர் குன்றிலிருந்து 400 மீட்டர் மலைக்குப் போவது நல்ல லாபம். 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டருக்கு ஏறினால் 130 கிலோமீட்டர் 149 ஆகிறது, அவ்வளவுதான். அந்த 19 கிலோமீட்டருக்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் மூச்சிரைக்க வேண்டுமா என்பது உங்கள் முழங்காலைக் கேட்க வேண்டிய கேள்வி.

எச்.எஃப்.புக்கு இந்தத் தொடுவானக் கணக்கு பொருந்தாது. அங்கே அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் சில நூறு கிலோமீட்டருக்குள் பேச மலையே தேவையில்லை, ஒரு வயல்வெளி போதும். தூர தேசத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் பேசும்போதுதான் மலை உதவுகிறது. உங்கள் முன்னால் நிலம் சரிந்து கீழே போனால், அந்தத் திசையில் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்புகிறது. தாழ்ந்த கோணத்தில் கிளம்பும் அலை ஒவ்வொரு தாவலிலும் அதிக தூரம் கடக்கும். இது போக, எச்.எஃப்.பில் மலை தருகிற பெரிய வரம் அமைதி. வீடுகளின் சார்ஜர்களும் எல்.இ.டி. விளக்குகளும் கிளப்பும் இரைச்சல் அங்கே இல்லை. வீட்டில் கேட்காத மெல்லிய குரல்கள் மலையில் தெளிவாகக் கேட்கும்.

வீட்டிலிருந்தே மலையைப் பார்ப்பது

அடுத்து வரைபடம். சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடம்தான் வேண்டும். வெறும் சாலை வரைபடம் உதவாது.

வரைபடத்தில் 1,500 மீட்டர் என்று போட்டிருக்கும் உச்சியைக் கண்டு மயங்க வேண்டாம். அது கடல் மட்டத்திலிருந்து அளந்த எண். சுற்றியுள்ள நிலமே 1,300 மீட்டரில் இருக்கும் மேட்டுநிலம் என்றால், உங்கள் பங்குக்குக் கிடைப்பது 200 மீட்டர்தான். சமவெளியில் தன்னந்தனியாக எழும் 400 மீட்டர் குன்று அதைவிட நன்றாக வேலை செய்யும். மேலே சொன்ன சூத்திரத்தில் போட வேண்டியதும் இந்தச் சுற்றுப்புறத்துக்கு மேலான உயரத்தைத்தான்.

அப்புறம் கோடுகளின் நெருக்கத்தைப் பாருங்கள். உச்சியைச் சுற்றிக் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தான சரிவு, பார்வை திறந்திருக்கும். உச்சியில் கோடுகள் விலகி இருந்தால் அது மொட்டையான, அகலமான தலை. அப்படிப்பட்ட மலையின் நட்ட நடுவில் நின்றால் மலையின் சொந்த விளிம்பே உங்கள் அலையை மறைத்துவிடும். அங்கே விளிம்பு வரை நடக்க வேண்டியிருக்கும் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நேர்மாறாக, ஊசிமுனை போன்ற உச்சி பார்க்க அழகு. ஆனால் அங்கே இருபது மீட்டர் கம்பியை எங்கே கட்டுவீர்கள்?

இப்போது வரைபடத்தில் நீங்கள் பேச நினைக்கும் ஊர்களை நோக்கி ஒரு கோடு இழுங்கள். குறுக்கே வேறு மலை இருக்கிறதா? 2000ஆம் ஆண்டு எண்டெவர் விண்கலத்தின் ரேடார் நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. அந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைப்பதால், ரேடியோ மொபைல், ஹேவாட்ஸ்தட் போன்ற கருவிகள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நிலத்தின் குறுக்குவெட்டையும், ஓர் உச்சியிலிருந்து எதெல்லாம் தெரியும் என்பதையும் வரைந்து காட்டிவிடும். பத்து நிமிட வேலைதான். ஆனாலும் ஒரு நாள் நடையை மிச்சப்படுத்தும்.

கோடு மலையை உரசிக்கொண்டு போகிறது என்றால் அதையும் தடையாகவே எண்ணுங்கள். அலை கயிறு மாதிரி மெல்லிசாகப் போவதில்லை. தன்னைச் சுற்றி ஒரு பருத்த வெளியைக் கேட்கிறது. 145 மெகாஹெர்ட்ஸில் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் அந்த வெளியின் ஆரம் ஏறக்குறைய 230 மீட்டர். கூரான முகட்டை உரசிப் போனாலே 6 டெசிபல் போய்விடும், அதாவது சக்தியில் முக்கால் பங்கு. ஆனால் இதற்காக உடனே மலையை நிராகரிக்க வேண்டாம். கூரான முகட்டில் பட்டு அலை கொஞ்சம் கீழே வளையவும் செய்யும். மறைவில் இருப்பவருக்கும் சில சமயம் கேட்கும்.

நான் மலை தேடும்போது மக்கள் நிறைய இருக்கும் பக்கம் சரிவாகத் திறந்த மலைக்கே முதலிடம் கொடுப்பேன். மறுபக்கம் காடும் பள்ளத்தாக்கும் எவ்வளவு தூரம் தெரிந்தாலும், அங்கே ரேடியோ வைத்திருப்பவர் இருந்தால்தானே பேச்சு.

மலைமேல் யார் குடியிருக்கிறார்கள்?

சாலை போகும் உயரமான மலை என்றாலே கோபுரம் இருக்க வாய்ப்பு அதிகம். செயற்கைக்கோள் படத்தில் நிழலைப் பாருங்கள், நீண்ட ஒல்லி நிழல் கோபுரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கோபுரத்தால் என்ன கெடுதல்? பண்பலை ஒலிபரப்பு கிலோவாட் கணக்கில் கிளம்பும் இடத்தில் உங்கள் ரேடியோவின் முன்பகுதி திணறிப்போகிறது. வேண்டிய மெல்லிய சைகையைப் பிரித்தெடுக்க அதற்குத் திராணி இருக்காது. விலை குறைந்த ஒற்றைச் சில்லு கையடக்க ரேடியோக்கள் இதில் ரொம்ப மோசம். வீட்டில் நன்றாகக் கேட்ட ரேடியோ இங்கே செவிடாகிவிடும். கூடவே நல்ல ஆன்டெனா மாட்டினால் நிலைமை இன்னும் கெடும், ஏனென்றால் வேண்டாத சைகையும் அதிகமாக உள்ளே வருகிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி: ஆன்டெனாவை மாட்டும்போது தெரிந்த ஒரு நிலையத்தின் குரல் தெளிவதற்குப் பதில் மங்கினால், ரேடியோ திணறுகிறது என்று அர்த்தம். கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய பாறை வருமாறு நகருங்கள். அல்லது 145 மெகாஹெர்ட்ஸை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வேலி போட்ட கோபுர வளாகத்துக்குள் போகவே வேண்டாம். அங்கே ரேடியோவோடு உடம்புக்கும் கேடு.

எச்.எஃப். ஆட்கள் கோபுரத்தைவிட உயரழுத்த மின்கம்பி, சூரியத் தகடுகளின் இன்வெர்ட்டர், கால்நடைக்கான மின்வேலி ஆகியவற்றுக்குப் பயப்பட வேண்டும். நொடிக்கொரு தரம் டிக், டிக் என்று கேட்டால் அது மின்வேலி.

விளையாட்டு விதிகள்

மலையேறிப் பேசுவதற்கென்றே ஒரு திட்டம் உலகம் முழுக்க நடக்கிறது. சம்மிட்ஸ் ஆன் த ஏர், சுருக்கமாக சோட்டா. 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கியது. அதன் பட்டியலில் உள்ள மலைகள் பெரும்பாலும் சுற்றியுள்ள தாழ்வான கணவாயிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தனியாக எழுந்து நிற்பவை. ஆகவே அந்தப் பட்டியலே உங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். புள்ளி பெற வெவ்வேறு நான்கு நிலையங்களோடு பேசினால் போதும். வண்டியில் உட்கார்ந்து பேசக் கூடாது, ஜெனரேட்டர் கூடாது, எல்லாக் கருவியையும் நீங்களே சுமந்து போக வேண்டும். உச்சிப் புள்ளியிலேயே நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பொதுவாக உச்சியிலிருந்து 25 மீட்டர் உயரம் இறங்கிய இடம் வரை செல்லுபடியாகும். கோபுரத்தையும் காற்றையும் கூட்டத்தையும் தவிர்க்க இந்த 25 மீட்டர் பெரிய வசதி.

எல்லைப்புற மலைகள், காப்புக்காடுகள், தனியார் நிலங்கள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வீட்டு முகவரிக்கு வெளியே இயங்க உங்கள் உரிமம் இடம் தருகிறதா என்றும் ஒரு முறை படித்துவிடுங்கள். வெளிநாட்டில் ஏறுவதானால் அந்த நாட்டு விதிதான் செல்லும். காட்டுக் காவலர் முன்னால் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்வது சங்கடமான வேலை. உரிமத்தின் நகல் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

போகும் நேரம், திரும்பும் நேரம்

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பேட்டரியும் கம்பமும் சுமக்கும் புதியவர் இதோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளட்டும். மேலே ஆன்டெனா கட்ட அரை மணி, பேச ஒரு மணி, அவிழ்க்கக் கால் மணி. இறங்கி முடிக்கும்போது சூரியன் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் இடிக்கும் மலை எவ்வளவு நல்ல மலையானாலும் முதல் தடவைக்கு வேண்டாம்.

ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். காற்றும் சேர்ந்தால் விரல் மரத்துப்போகும், எழுதக்கூட முடியாது. குளிரில் பேட்டரியும் சோர்ந்துவிடும், உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள்.

உச்சியில் எங்கே உட்காருவது

ஏறி முடித்ததும் உடனே பையைப் பிரிக்காதீர்கள். முதலில் கையடக்க ரேடியோவோடு உச்சியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தொலைவிலுள்ள ஒரு ரிப்பீட்டரைக் கேட்டுக்கொண்டே நடந்தால், எந்த விளிம்பில் சைகை ஏறுகிறது, எங்கே இரைச்சல் கூடுகிறது என்று தெரிந்துவிடும். வி.எச்.எஃப்.பில் ஒரு மீட்டர் நகர்ந்தாலே சைகை மாறும். பாறைகளில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒரு இடத்தில் கூடும், இன்னோர் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

எச்.எஃப்.புக்கு விளிம்பு ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு: பத்து மீட்டர் உயரக் கம்பி, ஐந்து டிகிரி கோணத்தில் கிளம்பும் அலைக்கு உதவும் நிலம் ஏறக்குறைய 115 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே அகலமான மலைத்தலையின் நடுவில் கட்டினால் நிலம் உங்களுக்குச் சமதரைதான். பேச நினைக்கும் திசையின் விளிம்புக்கு அருகே கட்டினால்தான் சரிவின் பலன் கிடைக்கும். விளிம்பு என்றால் கால் வழுக்காத தூரத்தில்.

மரம் இருந்தால் கம்பம் தேவையில்லை. மொட்டைப் பாறை என்றால் ஆறு மீட்டர் கண்ணாடியிழைக் கம்பம் ஒன்று வேண்டும். முளை இறங்காத இடத்தில் இழுவைக் கயிறுகளைக் கற்களில் கட்டுங்கள். கார்பன் இழைக் கம்பம் வேண்டாம், அது மின்சாரம் கடத்தி ஆன்டெனாவின் ஒத்திசைவையும் கெடுக்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைக் கம்பி சுமார் 20 மீட்டர். நடுவைக் கம்பத்தில் தூக்கி, இரு முனைகளையும் சரித்துக் கட்டினால் இடம் குறைவாகப் பிடிக்கும். நடைபாதையின் குறுக்கே கம்பி போகக் கூடாது. ஓரமாகப் போனாலும் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். உச்சிக்கு வருகிறவர்கள் காட்சி பார்க்க வருகிறார்கள், உங்கள் கம்பியில் மாட்டிக்கொள்ள இல்லை.

எஃப்.எம்.மில் பேசுபவர்கள் முதலில் ரேடியோவோடு வந்த ரப்பர் ஆன்டெனாவை மாற்றுங்கள். அது முடியாதென்றால் 49 சென்டிமீட்டர் கம்பியை ஆன்டெனா இணைப்பின் வெளிப்புற உலோகத்தில் மாட்டித் தொங்க விடுங்கள், 145 மெகாஹெர்ட்ஸில் வித்தியாசம் தெரியும். சின்ன யாகி (ஒரு திசையை நோக்கும் பல குச்சி ஆன்டெனா) வைத்திருப்பவர்கள் எஃப்.எம்.முக்கு அதன் குச்சிகளைச் செங்குத்தாகவும், எஸ்.எஸ்.பி. என்ற இன்னொரு குரல் முறைக்குக் கிடையாகவும் பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் 20 டெசிபல் வரை போய்விடும், அதாவது நூறில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். ஐந்து வாட்டில் நூறில் ஒரு பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சில நாள் எல்லாம் சரியாக இருந்தும் வி.எச்.எஃப். ஏமாற்றும். கீழே சமவெளியில் இருப்பவர்கள் பல நூறு கிலோமீட்டர் பேசிக்கொண்டிருப்பார்கள், உச்சியில் இருக்கும் உங்களுக்கு ஒன்றும் கேட்காது. குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று படிந்து, அலை அதற்குள் சிக்கிக் குழாயில் போவதுபோல் போகும் நாள் அது. நீங்கள் அந்தக் குழாய்க்கு மேலே உட்கார்ந்திருக்கிறீர்கள். கொஞ்சம் இறங்கி முயன்று பாருங்கள்.

மின்னல்

இதில் விளையாட்டே கூடாது. மலை உச்சியில் உலோகக் கம்பியை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே இறங்க வேண்டும். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் மேலே போகக் கூடாது. மேகம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எச்.எஃப். ரேடியோவில் சடசட என்று வெடிப்பொலி கேட்கும். அது கூடிக்கொண்டே வந்தால் வானத்தைப் பாருங்கள். ரேடியோவில் உஸ் என்ற இரைச்சல் காரணமில்லாமல் ஏறினாலோ, முடி சிலிர்த்து நின்றாலோ, கம்பத்தை அவிழ்த்துக்கொண்டிருக்காதீர்கள். அப்படியே போட்டுவிட்டு இறங்குங்கள். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அழைக்கும்போது

எப்போது, எந்த அலைவரிசையில் வருவீர்கள் என்று முந்தைய நாளே நண்பர்களுக்குச் சொல்லி வையுங்கள். யாருக்கும் தெரியாமல் உச்சியில் அழைப்பது இருட்டில் கண்ணடிப்பது மாதிரி. வி.எச்.எஃப்.பில் அழைப்பு அலைவரிசையில் ஆள் பிடித்து, வேறு காலி அலைவரிசைக்கு நகர்ந்து பேசுங்கள். உயரத்திலிருந்து நீங்கள் பல ஊர்களுக்குக் கேட்பீர்கள், எனவே அழுத்தும் முன் அதிக நேரம் கேளுங்கள். பேச்சைச் சுருக்கமாக வையுங்கள், வரிசையில் பலர் நிற்பார்கள். குறிப்பேட்டில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பேசியவர்கள் இருந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்து, மலையிலிருந்து கோடு இழுங்கள். எந்தத் திசையில் கோடுகள் நிறைய, எந்தத் திசை வெறுமை என்று பளிச்சென்று தெரியும். வெறுமையான பக்கத்தில் ஆள் இல்லையா, மலை மறைத்ததா, நீங்கள் உட்கார்ந்த பாறை மறைத்ததா என்று யோசித்து ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். என் குறிப்பேட்டில் ஒரு மலைக்கு எதிரே "மேற்கு விளிம்பு, வளைந்த மரத்துக்குப் பக்கத்தில், காலையில் மட்டும்" என்று இருக்கிறது. மூன்று தடவை ஏறியதில் கிடைத்த வரி அது.